சொந்தக் காசில் அச்சடித்தவர்களின் வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இன்று கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே பாட்டு எழுதி, செல்போனில் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். எட்டுப் பக்கத்தில் இதழ் போட்டு ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களிடம் விற்கிறார்கள். அதில் ‘டிஐஒய் வரலாறு’ (டூ இட் யுவர்செல்ஃப், அதாவது தானே செய்வது) என்றொரு கட்டுரையும் அநேகமாக இருக்கும். ஆர்வத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கட்டுரை முழுக்கத் தலைமுடியும் கிழிந்த சட்டையும் கிடாருமாகவே இருக்கிறது. காசு யார் போட்டது, கைவேலை யார் செய்தது, சுமந்துபோய் யார் விற்றது என்பதைக் காணோம். இந்த மூன்றும்தான் அந்த வரலாறே.

எல்லாம் 1976இல் லண்டனில் பிறந்தது என்று தொடங்குவது முதல் தவறு. பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காக மார்க் பெர்ரி அந்த ஆண்டு ஜூலையில் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கியது உண்மை. ஆனால் ரசிகர்கள் தாங்களே நடத்திய இதழ்கள் 1930லேயே இருந்தன. சிகாகோவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் ‘தி காமெட்’ என்ற இதழை அப்போதே கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இதழ்களுக்கு ‘ஃபேன்ஜீன்’ என்ற பெயர் 1940இல் வந்தது. இசையிலும் அதே கதைதான். ஜாஸ் கலைஞர் சன் ரா, நண்பர் ஆல்டன் ஆப்ரஹாமோடு சேர்ந்து 1950களில் சிகாகோவில் சொந்த இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார். அந்தத் தட்டுகள் சிலவற்றின் உறைகள் கையால் வரைந்தவை.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர் அவர். இதைப் படித்ததும் அவரை ‘தமிழின் முதல் பங்க்’ என்று எழுதிவிடாதீர்கள். அது அவருக்கும் மரியாதை இல்லை, பங்க் இசைக்கும் மரியாதை இல்லை. வணிக இதழ்களில் விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடமில்லை என்பது அவருடைய பிரச்சினை. லண்டன் இளைஞர்களுக்கு இருந்த கோபம் வேறு. கையாண்ட வழி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது எல்லோரும் பகிரும் அந்தப் படம். கிடாரில் மூன்று கார்டுகளை, அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளை, கோணல்மாணலாகக் கையால் வரைந்து, ‘இனி ஒரு பேண்ட் ஆரம்பி’ என்று எழுதியிருக்கும். அதை ‘ஸ்னிஃபின் க்ளூ’வின் கணக்கில் எழுதுகிறார்கள். அது 1977 ஜனவரியில் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற வேறொரு ஃபேன்ஜீனில் வந்தது. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த இதழ்களை நடத்தியவர்களுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான்.

அந்தப் படம் கிடார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. தட்டு போடக் கற்றுக்கொடுத்தவை வேறு, அவற்றைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் முதல் தட்டை 1,000 பிரதிகள் போட்டது. அதே ஆண்டில் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு, தங்கள் முதல் தட்டுக்கு ஆன செலவு 153 பவுண்டு என்று வெளிப்படையாகச் சொன்னது. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒலிப்பதிவுக்கு எவ்வளவு, தட்டு அழுத்த எவ்வளவு, லேபிள் அடிக்க எவ்வளவு என்று கணக்கைத் தட்டின் உறையிலேயே அச்சிட்டது. கையில் வாங்கிப் பார்க்கிறவனுக்கு ‘நம்மாலும் முடியும்’ என்ற தைரியத்தைத் தந்தது அந்தக் கணக்குதான்.

ஆகவே மதுரையில் பழைய சிற்றிதழ்க்காரர் யாரையாவது பார்க்கப் போனால், “ஐயா, அப்ப உங்க கொள்கை என்ன?” என்று தொடங்காதீர்கள். “ஃபாரத்துக்குக் கம்போசிங் கூலி எவ்வளவு கொடுத்தீங்க? பேப்பர் கடனுக்குக் கிடைச்சுதா? கடையில போட்டது காசா திரும்பி வந்துச்சா?” என்று கேளுங்கள். (ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்; கம்போசிங் என்பது எழுத்துக் கோப்பது.) கொள்கை தானாக வந்து விழும்.

‘தானே செய்தது’ என்பதைத் ‘தனியே செய்தது’ என்று புரிந்துகொள்வதும் பெரிய தவறு. 1980 டிசம்பரில் வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் குழுவின் தட்டை டிஸ்கார்ட் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டபோது, ஒரு பழைய உறையைப் பிரித்து அளவெடுத்து, ஆயிரம் உறைகளையும் கூட்டமாக உட்கார்ந்து வெட்டி மடித்து ஒட்டினார்கள். நம் ஊரில் அந்த இடம் கம்போசிட்டருக்கு உரியது. கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கவிதையை அடுக்கியவர் பெயர் எந்த இதழ் வரலாற்றிலும் வருவதில்லை. ஒரு பக்கத்தை அடுக்கியதுமே ஈய எழுத்து தீர்ந்துபோனால், அந்தப் பக்கத்தை அடித்து முடித்து எழுத்தைப் பிரித்துப் போடும்வரை அடுத்த பக்கம் காத்திருக்க வேண்டியதுதான். இதழ் தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், இதழ் எதை எடுத்தாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அப்படிப் போட வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். முன்னட்டையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இந்த வரியை இழக்கிறார்கள். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால், முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

தேதி இல்லாத பிரதியை எழுத்து வடிவம் பார்த்து மட்டும் காலம் குறிக்காதீர்கள். ணை, லை, னை கொம்பு வைத்த பழைய வடிவில் இருந்தால் 1978க்கு முந்தியது என்று சட்டென்று முடிவு கட்டுகிறார்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை அந்த ஆண்டில் வந்தது உண்மை. ஆனால் பெரியார் 1935இலேயே ‘குடிஅரசி’ல் புது வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். சின்ன அச்சகங்கள் ஆணை வந்த மறுநாளே இருந்த ஈயத்தைத் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. விலை, அஞ்சல் முத்திரை, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது கேசட்டுகளை ஒதுக்குவது. 1980களில் கேசட் வந்துதான் இந்தியாவில் எச்எம்வி என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் பிடி தளர்ந்தது. அதன் பிறகுதான் நாட்டுப்புறப் பாட்டும், ‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகமும், கோயில் கொடைப் பாட்டும் கேசட்டாகி, திருவிழாக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்டு கடைகளிலும் விற்றன. ஆங்கிலத்தில் பாடவில்லை என்பதற்காக இவற்றைச் சுயாதீன இசையின் கதையில் சேர்க்காமல் விடுவது அநியாயம். சேர்க்கும்போதும் அட்டையில் பெயர் போட்டவரோடு நிறுத்திவிடாதீர்கள். பறை அடித்தவர், பின்பாட்டுப் பாடிய பெண், ஆர்மோனியம் வாசித்தவர் ஆகியோரைக் குழுவின் மூத்தவர்களிடம் கேட்டால் பெயரோடு சொல்வார்கள். 1991இல் வாஷிங்டனில் பெண்கள் ‘ரயட் கேர்ள்’ என்று தனியாக இதழ் போட்டதும் பங்க் மேடையில் தங்களுக்கு இடம் இல்லாததால்தான். அந்த இயக்கத்திலும் கறுப்பினப் பெண்கள் ஓரத்தில் நின்றார்கள் என்ற விமர்சனம் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவதற்கு முன் எழுதியவரைக் கேளுங்கள். ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டு நூறு பேருக்குக் கொடுத்த இதழில், பத்தொன்பது வயதில் எழுதிய காதல் கவிதையும் வீட்டு முகவரியும் இருக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். முகவரியை மட்டும் மறைத்தால் போதும் என்றால், அதை மறைத்துவிட்டுப் போடுங்கள்.