பருமனான ஆண்கள் தைரொயிட், ஓமோன் பரிசோதனைகளை எப்படிச் செய்துகொள்வது?

இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தாண்டிய ஓர் ஆண் எந்நேரமும் களைப்பாக இருப்பதாகச் சொன்னால், "தைரொயிட்டாக இருக்கும், ஒருக்கா செக் பண்ணிப் பாருங்கோ" என்ற ஆலோசனை வீட்டிலேயே கிடைத்துவிடும். கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுப்பது எளிது. வரும் எண்ணை விளங்கிக்கொள்வதுதான் கடினம்.

முதலில் ரி.எஸ்.எச். (TSH), அதாவது தைரொயிட்டை இயக்குவதற்கு மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் ஓமோனின் பரிசோதனை ஒன்றே போதும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் இதன் வழமையான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரை இருக்கும். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்ரின், மூளையினூடாக ரி.எஸ்.எச். சுரப்பைத் தூண்டுவதால், தைரொயிட் சுரப்பியில் எந்த நோயும் இல்லாத பருமனானவர்களிடமும் இது 5 அல்லது 6 என்று சற்றே உயர்ந்து காணப்படலாம். எடை குறையும்போது பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஆகவே அந்த எண்ணைக் கண்டவுடன் மாத்திரை தொடங்காமல், இரண்டு மூன்று மாதங்களின் பின் அதே காலை நேரத்தில் ரி.எஸ்.எச்.சையும், அத்துடன் எப்.ரி.4 (குருதியிலுள்ள கட்டற்ற தைரொயிட் ஓமோன்), ரி.பி.ஓ. எதிர்ப்பொருள் (உடலே தைரொயிட்டைத் தாக்குவதன் அடையாளம்) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ரி.எஸ்.எச். 10இற்கு மேல் இருந்தாலோ, எப்.ரி.4 குறைந்திருந்தாலோ நிலைமை வேறு. அப்போது வைத்தியரைச் சந்திப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. தைரொயிட் குறைபாட்டால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோவுக்கு அந்தச் சுரப்பியைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. சுரப்பி சரியாக இயங்கும் ஒருவர் மெலிவதற்காகத் தைரொட்சின் எனும் தைரொயிட் ஓமோன் மாத்திரையை விழுங்கினால், நெஞ்சுப் படபடப்பும் எலும்புத் தேய்வும்தான் மிஞ்சக்கூடும்.

முடி உதிர்வுக்கென விட்டமின் மாத்திரை எடுப்பவர்கள் போத்தலைத் திருப்பிப் பார்க்கட்டும். பயோற்றின் 5 அல்லது 10 மில்லிகிராம் என்றிருந்தால், சில ஆய்வுகூட முறைகளில் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால், குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே தைரொட்சின் பாவிப்பவர்கள் அன்றைய மாத்திரையைக் குருதி கொடுத்த பின் எடுப்பது நல்லது.

பாலுறவில் நாட்டம் குறைதல், காலை விறைப்பு இல்லாமற்போதல் போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும் ஆண் ஓமோனான ரெஸ்ரொஸ்ரரோனைப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில் குருதி எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில் சீனி போட்ட ஒரு பிளேன் ரீ குடிப்பது நம்மிடம் சாதாரணம். ஆனால் சீனியே இந்த ஓமோனைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். டெங்குக் காய்ச்சலிலிருந்து அப்போதுதான் தேறியவர்கள் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். ஒருமுறை குறைந்து வந்தால் போதாது, வேறொரு நாள் காலையும் குறைந்திருக்க வேண்டும். பருமனானவர்களில் ரெஸ்ரொஸ்ரரோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதம் குறைவதால், மொத்த அளவு தாழ்ந்திருந்தும், உடலுக்கு உண்மையில் பயன்படும் கட்டற்ற அளவு சரியாக இருக்கக்கூடும். ஆகையால் எஸ்.எச்.பி.ஜி.யையும் சேர்த்தே கேளுங்கள்.

இரண்டு முறையும் குறைந்திருந்தால் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எப்.எஸ்.எச்., புரோலக்ரின் ஆகிய ஓமோன்களைப் பார்த்து, காரணம் விதைகளிலா, பிட்யூட்டரியிலா என்று அகஞ்சுரப்பியியல் நிபுணர் தீர்மானிப்பார். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அவரிடம் மறைக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் ரெஸ்ரொஸ்ரரோன் குறைவுடன் சேர்ந்தே வருவதுண்டு. குழந்தை வேண்டும் என்று எண்ணியிருப்பவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து ஏற்றப்படும் ரெஸ்ரொஸ்ரரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம்.