பழைய ஸ்மார்ட்போனைப் பேணி வைக்கும் முறை

1994-இல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த சைமன், 2007-இல் வந்த முதல் ஐபோன், 2008-இல் வெளியான முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி ட்ரீம் ஆகியவை இன்று வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. அத்தகைய கைபேசி உங்களிடம் இருந்தால், தூக்கி எறியாமல் பேணுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரியை முழுவதும் நிரப்பியோ முற்றிலும் தீரவிட்டோ வைக்காமல், ஏறத்தாழ 50 சதவீத மின்னேற்றத்துடன் கைபேசியை அணைத்து, 32 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் போகாத, ஈரமற்ற இடத்தில் வைத்து, 6 மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அதே அளவுக்கு மின்னேற்றம் செய்யுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. அது ஆபத்தானது என்பதால், மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எச்டிசி ட்ரீம் போலப் பேட்டரியை எளிதில் கழற்ற முடியுமானால், தனியே எடுத்து வைப்பதே நல்லது.

சார்ஜரையும் கம்பியையும் உடன் வையுங்கள். முதல் ஐபோனில் இருந்த 30 முனை இணைப்பு, 2012-இல் ஐபோன் 5 வந்தபோதே மாற்றப்பட்டுவிட்டது.