நோஸி: துருவித் துருவிக் கேட்பவருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

சம்பளம் எவ்வளவு, வந்துபோனது யார், கடன் அடைந்ததா என்று அடுத்தவர் விஷயத்தைத் துருவுபவரை ஆங்கிலத்தில் ‘நோஸி’ என்பார்கள். மூக்கைக் குறிக்கும் ‘நோஸ்’ என்பதிலிருந்து வந்த சொல். என்-ஓ-எஸ்-ஒய் என்று எழுத வேண்டும்; எஸ்ஸுக்கும் ஒய்க்கும் நடுவே ஈ சேர்த்தாலும் பிழையில்லை. ஓ-வுக்குப் பின் ஐ நுழைந்துவிட்டால்தான் வம்பு: அது ‘நாய்ஸி’, இரைச்சல் மிகுந்த என்று பொருள்.

இது பெயரடை. ‘ஹி இஸ் நோஸி’ சரி. ‘ஹி இஸ் எ நோஸி’ தவறு. ‘எ’ போட்டால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்: ‘எ நோஸி நெய்பர்’. எதைத் துருவுகிறார் என்பதற்கு ‘அபௌட்’ வரும்: ‘ஷி இஸ் நோஸி அபௌட் மை சாலரி’.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது வேறோர் இடத்தில். தமிழில் ‘மூக்கை நுழைக்கிறார்’ என்றால் விசாரிப்பதும் அடங்கும், தலையிடுவதும் அடங்கும். நோஸி பெரும்பாலும் விசாரிப்போடு நின்றுவிடும். கேட்காமலே யோசனை சொல்லி, நடுவில் புகுந்து காரியத்தைக் குழப்புபவர் ‘பிஸிபாடி’. இது பெயர்ச்சொல் என்பதால் ‘எ பிஸிபாடி’ என்றே வரும். ஓயாமல் உழைப்பவரைப் பாராட்டுவதாக நினைத்து இப்படிச் சொல்லிவிடாதீர்கள், அவர் புண்படுவார்.

மேசை இழுப்பறையையோ போனையோ திருட்டுத்தனமாகக் குடைபவர் ‘ஸ்னூப்’. ஒட்டுக் கேட்பவர் ‘ஈவ்ஸ்டிராப்பர்’. ‘ஈவ்ஸ்’ என்பது கூரையின் இறவாரம். மழைநீர் சொட்டும் அந்த இடத்தில் சுவரோரமாக நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டவருக்கு வைத்த பெயர், எவ்வளவு பொருத்தம்!

பிரிட்டிஷ் பேச்சில் ‘நோஸி பார்க்கர்’ என்றும் உண்டு. 1575-இல் இறந்த கான்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கரிடமிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். இந்தத் தொடர் அச்சில் தென்படுவதோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நடுவில் 300 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கும்போது அந்தக் கதையை நம்புவதற்கில்லை.

நோஸி என்று முகத்துக்கு நேரே சொன்னால் சுடும். ஆர்வத்தை மெச்ச வேண்டுமானால் ‘க்யூரியஸ்’ போதும். அலுவலகக் கடிதத்தில் ஆளைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லுங்கள்: ‘தி கொஸ்டின் இஸ் இன்ட்ரூசிவ்’, அதாவது கேள்வி அந்தரங்கத்தில் தலையிடுகிறது. நீங்களே ஒரு தனிப்பட்ட விஷயத்தைக் கேட்கப்போகிறீர்கள் என்றால், ‘ஐ டோன்ட் மீன் டு பி நோஸி, பட்...’ என்று தொடங்குங்கள். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் சங்கடமின்றி மறுக்க அது இடம் கொடுக்கும்.