மஞ்சள் உடுத்தினால் மனம் மலருமா? உடையால் மனநிலையை மாற்ற விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தொற்றுக் கால ஊரடங்குகள் தளர்ந்த 2021, 2022ஆம் ஆண்டுகளில், மாதக்கணக்கில் பழைய டி-சர்ட்டிலும் நைட்டியிலும் வீட்டுக்குள் இருந்தவர்கள் மீண்டும் வெளியே வரத் தொடங்கியபோது, 'டோபமைன் டிரெஸ்ஸிங்' என்ற சொல் சமூக ஊடகங்கள் வழியாக இந்திய இளைஞர்களிடமும் பரவியது. பளிச்சென்ற நிறங்களை உடுத்தினால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பெருகி மனம் உற்சாகமடையும் என்பது அதன் சாரம். உடைக்கும் மனநிலைக்கும் உறவு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. தேர்வு நாளில் ராசியான சட்டையைத் தேடி எடுத்தவர் எவருக்கும் அது தெரியும். ஆனால் அந்த உறவைத் தவறாகப் புரிந்துகொண்டு, பணத்தையும் செலவழித்து, கடைசியில் 'எனக்கு எந்த நிறமும் எடுப்பாக இல்லை' என்ற வருத்தத்தோடு நிற்கும் இளையவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் எங்கே வழி தவறினார்கள் என்பதை விளக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் தவறு, நிறங்களை மருந்துச் சீட்டைப் போல நம்புவது. சிவப்பு துணிவு தரும், நீலம் அமைதி தரும், மஞ்சள் மகிழ்ச்சி தரும் என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. இத்தகைய நம்பிக்கைக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த கடற்படைத் தடுப்பு முகாம் ஒன்றில், குறிப்பிட்ட ஓர் இளஞ்சிவப்பு நிறத்தை அறைச் சுவர்களில் பூசினால் கைதிகளின் மூர்க்கம் தணிகிறது என்று சொல்லப்பட்டது. பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் கட்டுப்பாட்டோடு சோதித்துப் பார்த்தபோது அப்படி எந்த விளைவும் தென்படவில்லை. மாறாக, 1994இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, உணர்வைப் பெரிதும் அசைப்பது எந்த நிறம் என்பதைவிட அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பதே என்று காட்டியது. மஞ்சள் என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. சந்தன மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும் கண்ணுக்கு வெவ்வேறு செய்தி சொல்பவை.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை மேலைநாட்டில் எழுதப்பட்டவை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் நல்ல காரியங்களுக்குக் கறுப்பைத் தவிர்க்கின்றன. ஆனால் மகர சங்கராந்தி அன்று மராட்டியப் பெண்கள் விரும்பி உடுத்துவது கறுப்புச் சேலையைத்தான், ஏனெனில் அது குளிர்காலத்தில் வெப்பத்தை ஈர்க்கும் நிறம் என்பது அவர்கள் வழக்கு. அதே கறுப்பு, கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப பக்தரின் உடலில் விரதத்தைக் குறிக்கிறது. கேரளத்தில் ஓணத்துக்கு உடுத்தும் கசவுச் சேலையின் வெண்மை கொண்டாட்டம். வேறு பல இந்துக் குடும்பங்களில் வெண்மை துக்க வீட்டின் நிறம். நவராத்திரியில் நாளுக்கொரு நிறம் உடுத்தும் வழக்கத்தைத் தொன்மையான சாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மும்பையில் 2000களின் தொடக்கத்தில் ஒரு மராத்தி நாளிதழ் பரப்பிய வழக்கம் அது. ஆயினும் அந்த ஒன்பது நாட்களில், புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டி முழுவதும் ஒரே நிறத்தில் நிறைந்திருப்பதில் உள்ள குதூகலம் உண்மையானது. அது சாயத்திலிருந்து பிறக்கும் மகிழ்ச்சி அன்று. முன்பின் தெரியாத ஐம்பது பேரோடு தானும் ஒருத்தி என்ற உணர்விலிருந்து வருவது.

அப்படியானால் உடை மனத்தை எதன் வழியாகத் தொடுகிறது? 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவர் கோட்டு என்றும், வேறு சிலரிடம் ஓவியர் கோட்டு என்றும் சொல்லி அணியச் செய்தார்கள். மருத்துவர் கோட்டு என்று எண்ணி அணிந்தவர்களின் கவனம் கூர்மையாக இருந்ததாக அவர்கள் தெரிவித்தார்கள். அந்த ஆய்வின் முதல் சோதனையை 2019இல் வேறொரு குழு மீண்டும் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, உடை அணிபவரின் எண்ணத்தையும் நடத்தையையும் ஓரளவு மாற்றுகிறது என்ற பொதுக் கருத்துக்கு ஆதரவாகவே நின்றது. ஆகவே, உடையின் பொருளை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்வது இரண்டாவது தவறு. முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை, அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த சுங்குடிச் சேலை, கல்லூரியில் தோழியோடு மாற்றிக்கொண்ட துப்பட்டா ஆகியவற்றின் நிறம் எதுவாயினும் அவை நம்மை நிமிர்ந்து நடக்கச் செய்கின்றன. 2015இல் பெங்களூரில் இரண்டு தோழியர் தொடங்கிய 'நூறு சேலை ஒப்பந்தம்' பரவலாக வரவேற்கப்பட்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: ஆண்டுக்கு நூறு முறை சேலை உடுத்த வேண்டும், ஒவ்வொரு சேலைக்கும் உள்ள கதையைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு.

நிறத்தைப் பார்த்துத் துணியைப் பார்க்காமல் விடுவது, நம் தட்பவெப்பத்தில் மிகவும் வருத்தும் தவறு. சென்னையின் மே மாதத்தில் காற்றுப் புகாத பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்த்து நிற்பவருக்கு, அது எவ்வளவு அழகான பவளச் சிவப்பாக இருந்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். கழுத்தில் உறுத்தும் லேபிளும், இடுப்பை இறுக்கும் எலாஸ்டிக்கும், அக்குளில் பிடிக்கும் தையலும் நாள் முழுவதும் உடலோடு பேசிக்கொண்டே இருக்கும். நிறமோ கண்ணாடியைப் பார்க்கும் சில நிமிடங்களில் மட்டுமே நமக்குத் தெரியும். டி-சர்ட் வாங்கும்போது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பதே அந்த எண். 180 அளவிலான பருத்தி நம் வெயிலுக்குப் பொதுவாகத் தாங்கும். தொளதொளவென்ற 'ஓவர்சைஸ்' வகைகளில் வரும் 240, குளிரூட்டிய அலுவலகத்துக்குச் சரி, பேருந்து நிறுத்தத்துக்குச் சரியாகாது. வியர்வை ஈரத்தை அப்பட்டமாகக் காட்டுபவை சாம்பலும் வெளிர்நீலமும். முக்கியமான சந்திப்பு நாளில் அவற்றைத் தவிர்த்தாலே பாதித் தயக்கம் நீங்கிவிடும். மாதவிடாய் நாட்களில் தளர்வான பருத்தி உடை தரும் நிம்மதியைப் பற்றிப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்களில் 'அழகாகத் தெரிய வேண்டும்' என்று இறுக்கமானதைத் திணித்துக்கொள்ளும் கட்டாயத்தைத்தான் விட வேண்டும்.

கடை விளக்கையும் கைப்பேசித் திரையையும் நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரே துணி எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒரு நிறமாகவும் பகல் வெளிச்சத்தில் வேறாகவும் தோன்றும். ஜவுளிக் கடைகளில் நம் அத்தைகளும் பாட்டிகளும் சேலையை வாசல் வரை எடுத்துச் சென்று வெயிலில் பிரித்துப் பார்த்தது வீண் பழக்கம் அன்று.

அடுத்ததைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். 'உன் நிறத்துக்கு இது எடுக்காது' என்ற ஒரு வாக்கியம், சிறு வயதிலிருந்தே எத்தனையோ பிள்ளைகளை வெளிர் நிறங்களுக்குள்ளோ மங்கிய நிறங்களுக்குள்ளோ ஒளித்து வைத்திருக்கிறது. இப்போது அதே வேலையை, தோலின் நிறத்தை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று வகுக்கும் அட்டவணைகள் செய்கின்றன. அவை வெள்ளையர் தோலையும் கூந்தலையும் முதன்மையாகக் கொண்டு உருவானவை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உள்ளே இருக்கும் எத்தனையோ சாயல்களை அவற்றால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் நாட்டின் மிகப் பிரபலமான முகக் களிம்பு தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. ஆனால் வீடுகளில் அந்த வாக்கியம் இன்னும் ஓயவில்லை. மயில்கழுத்து, வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் அழைக்கப்படும் எம்.எஸ். நீலம் என்று காஞ்சிபுரத் தறிகள் நெய்த நிறங்களைத் தலைமுறைகளாக உடுத்தி நின்றவர்கள் நம் நிறத்துப் பெண்கள்தாம். ஐயம் இருந்தால் அட்டவணையை மூடிவிட்டு, சன்னலருகில் பகல் வெளிச்சத்தில் துணியை முகத்தருகே பிடித்துப் பாருங்கள்; கண்ணும் முகமும் தெளிவாகத் தெரிந்தால் அது உங்கள் நிறம். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நீலம், சாம்பல், கறுப்பு என்ற மூன்றுக்குள் அவர்களை அடைத்து வைத்தது பழக்கமே தவிர வேறெதுவும் அன்று.

மனம் சோர்ந்த போதெல்லாம் புதிதாக ஆர்டர் செய்வதும் ஒரு தவறுதான். டோபமைன் இன்பத்தைவிட இன்பத்தின் எதிர்பார்ப்போடு நெருங்கிய பொருள். அதனால்தான் பொதி வந்து சேரும் வரை இருந்த பரபரப்பு, உறையைப் பிரித்ததும் வடிந்துவிடுகிறது. பழைய வெள்ளைக் குர்த்தாவோடு ஒரு வாடாமல்லித் துப்பட்டா, வழக்கமான சேலைக்கு மாற்று நிறத்தில் ஒரு ரவிக்கை, ஒரு ஜோடி ஜிமிக்கி என்று சிறிதாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்கள் எந்த நாளில் எதை அணிந்தபோது எப்படி உணர்ந்தீர்கள் என்று குறித்து வைத்தால், எந்தப் பட்டியலும் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லும்.

பிறரின் உடையைப் பார்த்து அவர் மனநிலையைக் கணிப்பதையும் தவிர்க்க வேண்டும். கறுப்பை விரும்பி அணியும் பெண்ணிடம் 'ஏன் சோகமாக இருக்கிறாய்' என்று தினமும் கேட்பவர்கள், பளிச்சென்று உடுத்திச் சிரித்தபடி வரும் நண்பனின் தூக்கமற்ற இரவுகளைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், குளிக்கவும் உடை மாற்றவும்கூட மனம் வராவிட்டால், அங்கே தேவைப்படுவது நிறம் அன்று, மருத்துவ உதவி. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.