தைராய்டை அடக்கும் மாத்திரை: கார்பிமசோல் எடுப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

கார்பிமசோல் தீர்ந்துபோன ஒரு நாள், சித்தி தன் டப்பாவை நீட்டி, "என்கிட்டயும் தைராய்டு மாத்திரைதானே இருக்கு, ரெண்டு நாளைக்கு இதையே போட்டுக்கோ" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் அவர் எடுப்பது தைராக்சின். சுரப்பு போதாதவர்களுக்கு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுக்கும் மாத்திரை. எனக்கு இருந்ததோ கிரேவ்ஸ் நோய். சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து, இதயம் படபடத்து, கை நடுங்கி, தின்றும் தின்றும் எடை இறங்கிய நிலை. அவர் மாத்திரையைப் போட்டிருந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

நம் வீடுகளில் இரண்டுக்கும் "தைராய்டு மாத்திரை" என்ற ஒரே பெயர் புழங்குவதுதான் முதல் ஆபத்து. கடையில் வாங்கும்போதும் அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த தவறு அவசரம். தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டு ஹார்மோனைச் செய்கிறது. கார்பிமசோல் அந்த உற்பத்தியைத்தான் தடுக்கும். ஏற்கெனவே செய்து சுரப்பிக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஹார்மோனை அது ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் உள்ள டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால் நல்ல மாற்றம் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். பத்து நாளில் படபடப்பு நிற்கவில்லை என்று நாமாகவே மாத்திரையைக் கூட்டக்கூடாது. அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் மருத்துவர்கள் படபடப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் போன்ற மாத்திரையைச் சேர்த்துத் தருகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் அதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். கார்பிமசோல் எடுக்கும்போது தொண்டை வலியோ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால், அதைச் சாதாரண சளி என்று விட்டுவிடாதீர்கள். மிகச் சிலருக்கு, ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, இந்த மருந்து கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நடக்கும், பிறகும் வரலாம். அப்போது சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். இது திடீரென்று வருவது என்பதால், போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்ததே என்று தைரியமாக இருக்க முடியாது.

நாமோ தொண்டை கரகரத்தால் கஷாயம் வைப்போம், மிளகுப் பால் குடிப்போம். அதுவும் கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நாலு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவோம். அப்படிக் கழிகிற இரண்டு மூன்று நாள்தான் பயங்கரம். செய்ய வேண்டியது இதுதான்: கார்பிமசோலை உடனே நிறுத்துங்கள். அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போய், இந்த மாத்திரை எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை, குறிப்பாக நியூட்ரோஃபில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். குறைந்திருந்தால் அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது.

எனக்கு இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, போனேன். அணுக்கள் சரியாகவே இருந்தன. வீண் அலைச்சல் என்று இன்றுவரை நினைத்ததில்லை. இந்த மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், கூட இருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

லேசான அரிப்பு, தடிப்பு பலருக்கும் வருவதுதான். மருத்துவரிடம் சொன்னால் வழி சொல்வார். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, மேல்வயிற்றில் கடுமையான வலி வந்தாலோ தாமதிக்கக் கூடாது. கல்லீரலும் கணையமும் அரிதாகப் பாதிக்கப்படுவதுண்டு.

கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கார்பிமசோல் கருவின் முதல் மூன்று மாதங்களில் பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடும். எடுக்கும் காலத்தில் முறையான கருத்தடை அவசியம். குழந்தைக்கு ஆசை இருந்தால் முன்கூட்டியே சொன்னால், தைராய்டை அடக்கும் இன்னொரு மருந்தான புரொபைல்தயோயூராசிலுக்கு மாற்றுவது போன்ற ஏற்பாடுகளைச் செய்வார்கள். நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதித்து, அன்றே மருத்துவரை அழையுங்கள். பயந்துபோய் நீங்களே நிறுத்திவிட்டு இருந்துவிடவும் கூடாது. கட்டுக்குள் இல்லாத தைராய்டும் தாய்க்கும் கருவுக்கும் கெடுதல்தான்.

அப்புறம், உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்துவது. கிரேவ்ஸ் நோய்க்கு வழக்கமாக 12 முதல் 18 மாதம் வரை எடுக்கச் சொல்வார்கள். முழுதாக எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது; பாதியில் விட்டால் கேட்கவே வேண்டாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் பழைய சீட்டையே காட்டித் தொடர்ந்து வாங்கினால், ஹார்மோன் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். எடை ஏறும், சோர்வு வாட்டும், உடம்பு குளிரும். 30, 40 மில்லிகிராமில் தொடங்கியவருக்குக்கூடப் போகப் போக 5 அல்லது 10 போதும் என்று ஆகும். அதை முடிவு செய்வது பரிசோதனைதான்.

அந்த ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு சிக்கல். சிகிச்சை தொடங்கிப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று கலங்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் டி4, டி3 என்ற தைராய்டு ஹார்மோன்களின் அளவுகள்தான் உண்மை நிலையைச் சொல்லும்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர்கள் இப்போது நிறையப் பேர். தைராய்டு கூடினாலும் முடி கொட்டும் என்பதால், நம் கூட்டத்தில் இன்னும் அதிகம். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையைப் பயோட்டின் குழப்பிவிடும், டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும், ஹார்மோன் பெருகிவிட்டது போலவே பொய்க்கணக்குக் காட்டும். அதை நம்பி கார்பிமசோலைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு அதிகமென்றால் இன்னும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீங்கள் அதை எடுப்பது மருத்துவருக்கும் தெரியட்டும்.