ஜீப்பின் 4.0 இன்ஜினை 4.6 ஆக்குவது எப்படி

காட்டுப்பாதையில் ஓட்டும் வண்டிக்கு பவர் வேண்டும் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் கேட்பது புல்லிங், அதாவது இழுவை. முன்சக்கரம் பாறைமேல் ஏறி நிற்கிறது, இன்ஜின் 1,200 ஆர்பிஎம்மில் முக்குகிறது; அந்த நேரத்தில் 4,750 ஆர்பிஎம்மில் கிடைக்கும் 190 ஹெச்பியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பெரிய த்ராட்டில் பாடி, அகலமான சைலன்சர் குழாய் எல்லாம் மேல் வேகத்தில்தான் வேலை செய்யும். கீழே இழுவை வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றும் பெட்ரோலும் போக வேண்டும், அதற்கு நேர்வழி கொள்ளளவைக் கூட்டுவது.

இதற்கு ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் மாதிரி தோதான இன்ஜின் குறைவு. 1987 முதல் 2006 வரை செரோக்கி, கிராண்ட் செரோக்கி, ராங்ளர் என்று பல வண்டிகளில் வந்தது. அதே குடும்பத்தில் அதற்கு முன்னால் 4.2 லிட்டர் இன்ஜின் ஒன்று இருந்தது, 1990 வரை வந்தது. 4.0-வில் போர் (சிலிண்டரின் விட்டம்) 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 86.7 மி.மீ. 4.2-வில் போர் சிறியது, ஆனால் ஸ்ட்ரோக் 98.9 மி.மீ. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க்; இரண்டு கிராங்க்கிலும் மெயின் ஜர்னலும் (பிளாக்கில் உட்காரும் இடம்) ராடு ஜர்னலும் (ராடு பிடிக்கும் இடம்) ஒரே அளவு. அதனால் 4.2-வின் கிராங்க் 4.0-வின் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலில்) அப்படியே உட்காரும். பிளாக்கின் சிலிண்டர்களைக் குடைந்து (போர் செய்து) விட்டத்தை 0.76 மி.மீ. பெரிதாக்கி இந்தக் கிராங்க்கைப் போட்டால் சுமார் 4,586 சிசி, அதாவது 4.6 லிட்டர். கொள்ளளவு 16 சதவீதம் கூடுகிறது, இழுவையும் ஏறக்குறைய அதே அளவு கூடும், அதுவும் அடிமட்டத்திலிருந்தே.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு விஷயத்தில் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. ஸ்ட்ரோக் 12.2 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே அதில் பாதி, 6.1 மி.மீ., அதிகமாக ஏறும். 4.2-வின் ராடு 149.2 மி.மீ., 4.0-வின் ராடு 155.6 மி.மீ.; அதாவது 4.2-வினுடையது 6.35 மி.மீ. குட்டை. ஆக 4.2-வின் கிராங்க்கும் ராடும் சேர்த்துப் போட்டால், 4.0-வின் பிஸ்டன் பழைய இடத்திலேயே, ஒரு கால் மி.மீ. மட்டும் தாழ்ந்து வந்து நிற்கும். தனியாகப் பிஸ்டன் செய்யச் சொல்லாமலே வேலை முடிகிறது. குறைந்த செலவில் செய்பவர்கள் எல்லோரும் இந்த வழியில்தான் போகிறார்கள். இதில் ஒரு பிரச்சனையும் இருக்கிறது, அதைக் கம்ப்ரஷன் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்டும் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது) லீக் டவுன் டெஸ்டும் (உள்ளே விட்ட காற்று எவ்வளவு கசிகிறது) செய்து ஆறு சிலிண்டரின் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் பாருங்கள்: 0331 என்று முடிந்தால் 3, 4 சிலிண்டருக்கு நடுவில் விரிசல் வருவதற்குப் பேர் போன ஹெட் அது. ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் பால் கலந்த மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், சந்தேகம் இன்னும் வலுக்கும். பிளாக்கில் காசு போடுவதற்கு முன்னால் அந்த ஹெட்டைக் கிராக் டெஸ்டுக்கு அனுப்புங்கள்.

பிரிக்கும்போது கிராங்க்கை இறுக்கிப் பிடிக்கும் மெயின் கேப், ராடு கேப் எல்லாவற்றிலும் எண்ணும் திசையும் குறியுங்கள், இடம் மாறக்கூடாது. வால்வுகளைத் திறக்கும் தண்டான பழைய கேமைத் திரும்பப் போடப் போகிறீர்கள் என்றால் டப்பெட்டுகளையும் (கேமின் மேல் உட்கார்ந்து ஓடும் சிறு உருளைகள்) எடுத்த வரிசையிலேயே வைக்க வேண்டும். புது கேம் என்றால் பழைய டப்பெட்டைத் தூக்கிப் போடுங்கள். தட்டையான அடி உள்ள டப்பெட், தன்னோடு தேய்ந்த லோபில் (கேமின் மேட்டில்) மட்டும்தான் ஒழுங்காக ஓடும்.

கிராங்க் தேடும்போது: பழைய 4.2 கிராங்க்கில் 12 எதிர்எடைகள், பின்னால் வந்ததில் 4. கனமானது கீழ் வேகத்தில் கொஞ்சம் மென்மையாக ஓடும், இலேசானது சட்டென்று வேகம் எடுக்கும். காட்டு வண்டிக்கு எது கிடைத்தாலும் சரிதான், விரிசல் இல்லாமல் நேராக இருந்தால் போதும். ஆனால் கிராங்க்கின் முன்முனையான மூக்கின் நீளத்தை அளந்து பாருங்கள், பழைய சிலவற்றில் அது நீளம், பெல்ட் புல்லி நேர்கோட்டில் உட்கார அதைக் குறைக்கவோ ஸ்பேசர் போடவோ வேண்டிவரும். மேனுவல் கியர் என்றால் பின்முனையில் கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கின் துளையும் வேறு அளவு, அதற்கேற்ற புஷ் வேண்டும். கிராங்க்கின் பின்னால் வரும் கனமான சக்கரமான பிளைவீல் 4.0-வினுடையதுதான் போட வேண்டும், ஏனென்றால் கிராங்க் சென்சார் படிக்கும் வெட்டுகள் அதில்தான் இருக்கின்றன. கிராங்க், ராடு, பிஸ்டன், பிளைவீல், முன் டாம்பர் (அதிர்வைத் தணிக்கும் புல்லி) எல்லாவற்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்யக் கொடுங்கள். வேறு வேறு இன்ஜினிலிருந்து வந்த பாகங்கள் இவை, இதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

லேத்தில் பிளாக்கைக் கொடுக்கும் முன்பே பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். பிஸ்டனை அளந்து, அதைச் செய்தவர் சொல்லும் இடைவெளிக்குத்தான் போர் செய்து ஹோன் பண்ண (கல்லால் தேய்த்து முடிக்க) வேண்டும். 0.76 மி.மீ. ஓவர்சைஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வெட்டினால் ஒரு சிலிண்டர் இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் வந்து நிற்கும். பிளாக் திரும்பி வந்ததும் ஆயில் துளைகளை நீள பிரஷ் விட்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி கறுக்காத வரை கழுவுங்கள், காய்ந்த உடனே ஆயில் தடவுங்கள். ஹோனிங் தூள் கொஞ்சம் தங்கினாலும் புது ரிங்கையும் பேரிங்கையும் அது தின்றுவிடும்.

இப்போது கம்ப்ரஷன். 4.0-வின் ஒரிஜினல் விகிதம் 8.8, அதாவது பிஸ்டன் ஏறும்போது கலவை 8.8-ல் ஒரு பங்காக அமுங்குகிறது. ஹெட்டிலுள்ள எரி அறையின் அளவு மாறாமல் ஸ்ட்ரோக்கும் போரும் கூடுவதால் இது 9.7-ஐ ஒட்டிப் போகும். எண்ணாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாதா 4.0 பிஸ்டன் மேல்நிலையில் நிற்கும்போது பிளாக்கின் மேல்பரப்புக்கு முக்கால் மி.மீ.க்கும் மேல் கீழே நிற்கும், அதற்கு மேலே 1.3 மி.மீ. கேஸ்கட், ஆக மொத்தம் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி. பிஸ்டனின் தட்டையான ஓரமும் ஹெட்டின் தட்டையான பகுதியும் கிட்டத்தட்ட 1 மி.மீ. வரை நெருங்கினால்தான் அங்கே இருக்கும் கலவை பிதுங்கி நடுவே பாய்ந்து சீக்கிரம் எரியும். 2 மி.மீ. இருந்தால் ஓரத்தில் கலவை சும்மா தேங்கி நின்று தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். குறைந்த ஆர்பிஎம், முழு லோடு, காற்றோட்டமே இல்லாத மெதுவான ஏற்றம், கொதிக்கும் ரேடியேட்டர்: நாக்கிங்குக்கு இதைவிட மோசமான சூழ்நிலை கிடையாது, நம் வண்டி நாள் முழுக்க அதில்தான் இருக்கும். போதாக்குறைக்கு 1991-க்குப் பிந்தைய 4.0-வில் நாக் சென்சாரே இல்லை, கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உங்கள் காதுக்குத் தெரிந்தால்தான் உண்டு.

காசு இருந்தால் சரியான தீர்வு, பிளாக்கின் மேல்மட்டத்துக்கு வந்து நிற்கும் உயரத்தில், ஆழமான குழி வைத்த ஸ்ட்ரோக்கர் பிஸ்டன்களை வாங்குவது. இடைவெளியும் குறையும், விகிதமும் 9.2 பக்கத்தில் நிற்கும். இல்லையென்றால் சாதா பிஸ்டனோடு ஹெட்டின் எரி அறையில் கூர்மையான விளிம்புகளை மழுக்கி, நல்ல பெட்ரோல் போட்டு, இக்னிஷனை அளவாக வைத்து ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் ஹெட்டை வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்க்க மட்டும் விடாதீர்கள், ஒவ்வொரு தேய்ப்பும் விகிதத்தை ஏற்றும். கணக்கை நம்பாமல் எரி அறையையும் பிஸ்டன் குழியையும் சிரிஞ்சில் ஆயில் ஊற்றி சிசி அளந்து பாருங்கள். அரை நாள் வேலை, அப்புறம் நிம்மதி.

கேம் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 1.3 மி.மீ. லிஃப்டில் (கேம் டப்பெட்டைத் தூக்கும் உயரம்), அதாவது 0.050 அங்குலத்தில், 200 முதல் 210 டிகிரி வரை டியூரேஷன் (தூக்கி வைத்திருக்கும் கோணம்) உள்ள கேம் போதும். அதற்கு மேல் போனால் ஐடிலில் வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சல்) விழும், வேக்குவத்தைப் பார்த்துத்தான் இந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோல் கணக்குப் போடுகிறது, வண்டி ஐடிலில் தடுமாறும், கீழ் இழுவையும் போய்விடும். வால்வைத் தள்ளும் நெம்புகோலான ராக்கரில் சரிசெய்ய ஸ்க்ரூ இல்லாத இன்ஜின் இது. கேமின் அடிவட்டம் மாறினாலோ ஹெட் தேய்த்தாலோ ஹைட்ராலிக் டப்பெட்டின் அழுத்தம் மாறும். அரை மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை பிரீலோட் (டப்பெட்டின் உள்பாகம் அமுங்கும் அளவு) வரும்படி, டப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவில் வரும் புஷ்ராடின் நீளத்தை அளந்து வாங்குங்கள். டைமிங் செயின் இரட்டை ரோலர் போடுங்கள்.

பூட்டும்போது பொறுமைதான் முக்கியம். மெயின் பேரிங் இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ., ராடு பேரிங் 0.03 முதல் 0.08 மி.மீ.; ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து நசுக்கி அளங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று விட வேண்டாம். ரிங் கேப் (ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) சுமார் 0.4 மி.மீ., சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி வைத்து ஃபீலர் கேஜில் பாருங்கள். மெயின் போல்ட் 54, 95, 108 நியூட்டன் மீட்டர் என்று மூன்று படியாக. ராடு நட் 45. ஒவ்வொரு பிஸ்டன் போட்டதும் கிராங்க்கைக் கையால் முழுச்சுற்று சுற்றுங்கள், ராடு போல்ட் எங்காவது பிளாக்கையோ கேமையோ உரசுகிறதா என்று எட்டிப் பாருங்கள். திடீரென்று கனமாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

ஹெட் போல்ட் 30, 61, மறுபடி 61-இல் சரிபார்த்து, கடைசியாக 149 நியூட்டன் மீட்டர். 11-ஆம் போல்ட் மட்டும் 135, அதன் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். நடுவிலிருந்து வெளியே போகும் வரிசை சர்வீஸ் மேனுவலில் படமாக இருக்கும். இந்தப் போல்ட்டுகளை ஒரே ஒரு முறைதான் மறுபடி பயன்படுத்தலாம், அதனால்தான் கழற்றியதில் பெயின்ட் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். புள்ளி ஏற்கனவே இருந்தால் புது செட் வாங்குங்கள்.

பெட்ரோல் பக்கம்: ஒரிஜினல் இன்ஜெக்டர் 4.6-க்கு ஐடிலில் போதும், முழு த்ராட்டிலில் போதாது, கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறும். மணிக்கு 24 பவுண்டு பாயும் இன்ஜெக்டர்கள்தான் பெரும்பாலும் போடுவது. ஆனால் உங்கள் வருடத்து வண்டியின் ஃப்யூவல் பிரஷர் என்ன என்று பார்த்து வாங்குங்கள், பழையதும் 1996-க்குப் பிந்தையதும் ஒன்றல்ல. ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டி முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13-க்குள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் புதிதாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட் 91 டிகிரியே இருக்கட்டும், அதைக் குறைப்பது சூட்டைக் குறைக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அது சுழலும் திசையிலேயே நீளமான தட்டை முனையை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுற்றுங்கள், ஆறு சிலிண்டரின் ராக்கரிலும் ஆயில் கசியும் வரை. கேம் லோபிலும் டப்பெட் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவி, துத்தநாகம் நிறைய உள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-3-6-2-4 சரிதானா பாருங்கள், ஏனென்றால் இன்ஜினை நெடுநேரம் ஸ்டார்ட்டரில் சுற்றவிடக் கூடாது. பிடித்ததும் ஐடிலில் விடாமல் உடனே 2,000-க்கு மேல் ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் கூட்டிக் குறைத்தபடி 20 நிமிடம் ஓட்டுங்கள். டப்பெட்டுக்கு ஆயில் தெறித்துத்தான் கிடைக்கிறது, ஐடிலில் அது போதாது, புது கேம் அந்த 20 நிமிடத்தில்தான் பிழைக்கிறது அல்லது சாகிறது. ஆயில் பிரஷர் இல்லாவிட்டாலோ தண்ணீர் கசிந்தாலோ மட்டும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி வரும், மினுமினுக்கும் துண்டு வரக்கூடாது. முதல் சில நூறு கிலோமீட்டரில் நடுத்தர லோடில் ஏற்றியும் ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கியும் ஓட்டினால்தான் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்காரும், ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருந்தால் உட்காராது. 5,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். குட்டை ராடும் நீளமான ஸ்ட்ரோக்கும் சேரும்போது பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் நன்றாக அழுத்தும்.

இன்னொன்று, காட்டில் இன்ஜினைக் கொல்வது தூசி. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியிலும் த்ராட்டில் பாடிக்குப் போகும் குழாயின் இணைப்புகளிலும் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், தூள் ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கூடுதல் இழுவை முதலில் கிளட்ச்சையும் அப்புறம் யுனிவர்சல் ஜாயின்டையும் பதம் பார்க்கும், அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் இன்ஜின் கொள்ளளவை மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டுமா, புகைச் சோதனையில் என்ன கேட்பார்கள் என்பதை இன்ஜினை இறக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

2,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, முதலில் எழுதி வைத்த அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ரிங் உட்கார்ந்துவிட்டது; ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.