சூரியத் தொலைநோக்கிக்கு மனை பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பல நாடுகள் சேர்ந்து பெரிய சூரியத் தொலைநோக்கி ஒன்று கட்டப்போகின்றன, நீங்கள்தான் திட்டக்குழு, எங்கே தொடங்குவீர்கள்? எல்லாரும் முதல் வரியிலேயே கண்ணாடியின் அளவை எழுதிவிட்டார்கள். ஒரு பையன் 10 மீட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். தாள்களை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். முதலில் மனை பார்க்க வேண்டும்.

காரணம் சுலபம். தீமிதிக் குழிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சுட்ட தரைக்கு மேலும் காற்று அப்படித்தான் நெளிகிறது. இரவுத் தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை குறைவு, சூரியனைப் பார்ப்பதற்கு வேறு நேரமே கிடையாது. காற்று கொதித்தால் 4 மீட்டர் கண்ணாடியும் 10 சென்டிமீட்டர் கண்ணாடி காட்டுகிற நுணுக்கத்தைத்தான் காட்டும். காற்றின் நெளிவைத் திருத்த நொடிக்குப் பல நூறு முறை வளையும் கண்ணாடிகள் வந்துவிட்டன, சரி. ஆனால் காற்று ஓரளவாவது ஒத்துழைத்தால்தான் அவையும் வேலை செய்யும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 60 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி, ஒரு வெள்ளை அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குழாய்க்குள் கண் வைக்கவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். பிம்பத்தை அட்டையில் விழவைத்துப் பாருங்கள். கண் வைக்கும் முனையில் பொருத்தும் லென்ஸ் (ஐபீஸ்) பிளாஸ்டிக்கில் வேண்டாம், உருகும். பக்கத்தில் இருக்கும் குறிபார்க்கும் சின்னக் குழாய்க்கும் மூடி போடுங்கள். நான் மறந்த அன்று என் சேலைத் தோளில் ஓட்டை விழுந்தது. இன்னொன்று, வட அரைக்கோளத்துப் புத்தகத்தைப் பார்த்துக் குழாயைத் தெற்கே திருப்பாதீர்கள். டர்பனில் உச்சிவேளைச் சூரியன் எப்போதும் வடக்கேதான்.

அட்டையில் 15 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து பிம்பத்தை அதில் பொருத்துங்கள். அந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது சூரியனில் சுமார் 9,300 கிலோமீட்டர். இப்போது வட்டத்தின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். அசையாமல் நின்றால் 1, கஞ்சி கொதிப்பதுபோல் துள்ளினால் 5. காலை ஏழிலிருந்து மணிக்கொரு முறை குறியுங்கள். எங்கள் தகரக் கூரைப் பக்கம் பத்து மணிக்கே 5 வந்துவிட்டது. அதே குழாயை மிட்மார் அணைக்கரையில் வைத்தபோது மதியம்வரை 3-ஐத் தாண்டவில்லை. தண்ணீர் சீக்கிரம் சூடாகாது, அவ்வளவுதான் விஷயம். கலிபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகமும் உதய்ப்பூர் ஆய்வகமும் ஏரிக்குள் உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான்.

அடுத்து வானத்தின் நிறம். ஒரு வீட்டு மூலையின் நிழலில் நின்று, சூரியன் சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதை ஒட்டிய வானத்தை மட்டும் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் ஈரமோ தூசியோ புகையோ இருக்கிறது. கரும்புத் தோட்டம் எரிக்கிற நாளில் டோங்காட் பக்கம் போய்ப் பார்த்தால் புரியும். சூரியனைச் சுற்றியுள்ள வெளி ஒளிவட்டத்தின் (கொரோனா) வெளிச்சம், நாம் பார்க்கும் சூரிய வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், வெளுத்த வானத்தில் அது மூழ்கிவிடும். அமெரிக்காவின் இனோயே சூரியத் தொலைநோக்கிக்கு ஹவாயின் ஹலேயகாலா மலை தேர்வானதில் இதற்குப் பெரிய பங்கு. 72 இடங்களை அலசி, 6 இடங்களில் கருவி வைத்து அளந்து, அப்புறம்தான் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் அந்த 4 மீட்டர் தொலைநோக்கியைக் கட்டினார்கள். முதல் படங்கள் 2020 ஜனவரியில் வந்தன. அதன் கண்ணாடி குவிக்கிற வெப்பம் 13 கிலோவாட். நம் வீட்டு அடுப்புத் தட்டுகளை எல்லாம் சேர்த்துப் போட்டாலும் அவ்வளவு வராது! அதைக் குளிரவைக்கும் குழாய்களுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

மலை யாருடையது என்றும் கேளுங்கள், அதுவும் முதலிலேயே. ஹலேயகாலா ஹவாய் மண்ணின் மக்களுக்குப் புனித மலை, கட்டும்போது சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். நம் கோயில் மேட்டில் ஒருவர் கேட்காமல் தூண் நட்டால் நாம் சும்மா இருப்போமா?

நாடுகளைச் சேர்ப்பது இதையெல்லாம்விடக் கடினம். 1980-களில் பல நாடுகள் சேர்ந்து, குழாய்க்குள் ஹீலியம் நிரப்பிய 2.4 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைத் திட்டமிட்டன. ஹீலியம் சூடானாலும் ஒளியை அதிகம் வளைக்காது, அருமையான யோசனை. ஆனால் அது கட்டப்படவே இல்லை. எனவே என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கேள்வியைப் பொறுத்துப் பெரிய கண்ணாடி தேவைப்படாமலும் போகலாம். சூரியன் மணிபோல் அதிர்வதை அளக்க, உலகைச் சுற்றிப் பரவிய ஆறு சின்ன நிலையங்கள் போதுமாக இருக்கின்றன. அதில் ஒன்று 1990 முதல் நம் நாட்டுச் சதர்லாண்டில் இருக்கிறது.

குறிப்பேட்டை ஒரு முழு வருடம் எழுதுங்கள். டர்பன் கோடையின் மேகத்தை வைத்துக் குளிர்காலத்தைத் தீர்மானிக்க முடியாது. எங்கள் நோட்டில் ஜூலைப் பக்கம் இன்னும் காலிதான், மலைப்பக்கமிருந்து இறங்கி வரும் சூடான பெர்க் காற்று அடிக்கும் நாளில் விளிம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 10 மீட்டர் பையன்தான் அந்த மாதத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.